கவர்மெண்டுக்குத் தெரியாத குரூப்

"வாய்க்கால்ல தண்ணி தொறக்கச் சொல்லி மறியல் மாமா. தேதி கவர்மெண்டுக்கே தெரியாது," என்று கம்பம் போகும் பஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னார் முன் சீட்டுக்காரர்.

"போன்ல பேசுனா ஒட்டுக் கேப்பாகளே மாப்ள?" என்றார் பக்கத்திலிருந்தவர்.

"இது புது ஆப். நாம அனுப்புறத நடுவுல ஒருத்தரும் படிக்க முடியாது. அதச் செஞ்ச விதத்தையே நெட்ல போட்டிருக்காக. யாரு வேணா சோதிச்சுக்கலாம்."

"நீ சோதிச்சியா?"

"எனக்கெங்க புரியும்? நெலத்துக்கு அடங்கல் வாங்கப் போனப்ப வி.ஏ.ஓ. சார்தான் சொன்னாக. எல்லாரு போன்லயும் அவுகளே ஏத்திக் குடுத்தாக."

"குரூப்பு?"

"அதையும் அவுகதான் ஆரம்பிச்சாக."

"மறியலுக்கு அவுகளும் வாராகளா?"

"டூட்டி இருக்காம். தேதிய மட்டும் மறக்காம குரூப்புல போடச் சொன்னாக."