சீதேவியின் உலக்கை

நீங்கள் தந்த பேனை நன்றாக எழுதுகிறது, இயக்கத் தம்பியவை. தேத்தண்ணிக்குத்தான் சீனி காணாது. பரவாயில்லை, இந்த எண்பத்தாறாம் ஆண்டில் நெடுந்தீவில் சீனிக்கு யாரைக் குறை சொல்வது? கொப்பியை முன்னால் போட்டு, "நேவிக்கு என்னென்ன அறிவிச்சனீங்கள் எண்டு ஒண்டும் விடாமல் எழுதுங்கோ ஐயா" என்றீர்கள். எழுதுகிறேன். ஆனால் நீங்கள் என்னைப் பிடித்திருப்பது பிழையான குற்றத்துக்கு. நான் உளவாளி அல்ல. அந்தச் சொல் என்னை மிகவும் நோகச் செய்தது.

என் பெயர் சந்திரமௌலீசன். நயினாதீவில் ஒரு சிறிய பிள்ளையார் கோயிலில் பூசை செய்யும் குமாரசுவாமிக் குருக்களின் இரண்டாவது மகன். மேளமும் மணியும் சிறுவயதிலிருந்தே எனக்கு ஒத்துவராது, தலை வெடிக்கும். பூசையை அண்ணாவிடம் விட்டுவிட்டு நான் பௌதிகம் படிக்கப் போனேன்.

நீங்கள் வயர்லெஸ் என்று நினைத்து இழுத்து எறிந்த பெட்டி, நிலநடுக்கத்தை அளக்கும் கருவி. "இஞ்சை எங்கை ஐயா பூமி நடுங்குது?" என்று உங்களில் ஒருவர் சிரித்தார். நடுங்காது என்பதற்காகத்தான் எங்கள் பேராசிரியர் அளவை நிலையத்துக்கு இந்தத் தீவைத் தெரிந்தெடுத்தார். தராசு சரியோ என்று பார்க்க முதலில் வெறுந்தட்டைத்தானே பார்ப்பீர்கள்? ரயிலும் லொறியும் இல்லாத இந்தக் கல்லு நிலம்தான் எங்கள் வெறுந்தட்டு.

புதிதாக வரும் கருவியை முதலில் ஆட்டுமேசையில் வைத்து, தெரிந்த அளவுக்கு ஆட்டிப் பார்ப்போம். அதன் ஊசலில் கடுகளவு எடையை வைத்து எடுப்போம், ஊசி எவ்வளவு எழும்புகிறது என்று பார்ப்போம். கடைசியில் நிலவறைக்குள் இறக்குவோம். காற்று அசைந்தாலும் சூடு மாறினாலும் ஊசி அலையும் என்பதால், ரப்பர் பட்டி வைத்த இரும்புக் கதவை இறுக்கிச் சாத்துவோம். காற்றுப் போகாது, சத்தம் வராது. உள்ளே கருவி, மேல் அறையில் தாளும் ஊசியும். சாத்திய கதவைச் சோதனை முடியும்வரை திறப்பதில்லை. நடை சாத்தினால் ராசாவே வந்தாலும் வாசலில்தான் நிற்கவேண்டும் என்று அப்பா சொல்லுவார். நான் கோயிலிலிருந்து கொண்டுவந்தது அந்த ஒன்றைத்தான்.

இன்னொரு முறையும் உண்டு. இரண்டு கருவிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது. இரண்டும் ஒரே அசைவைக் காட்டினால் அது நிலம். ஒன்று மட்டும் காட்டினால் அது அந்தக் கருவியின் பழுது. ஆனால் எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் பேராசிரியர் உயிர் தப்பி வெளிநாடு போனார், இரண்டாவது கருவி கொழும்பில் எரிந்த வீட்டோடு போயிற்று. என்னிடம் மிஞ்சியது ஒன்றுதான். அசைவில்லாத ஒரு தாளை அனுப்பினால் நிலையத்தை நடத்தலாம், இல்லாவிட்டால் மூடிவிட வேண்டும் என்று அவர் சொல்லியனுப்பியிருந்தார்.

அந்தத் தாள் எனக்குக் கிடைக்கவில்லை. தீவில் கட்டாக்காலியாகத் திரியும் குதிரைகளைத் துரத்தினேன், மாடுகளை அப்புறம் கட்டச் சொன்னேன். கடலலையும் அடங்கியிருந்த நாட்களில்கூடத் தாளில் ஒரு குத்து விழுந்தது. டொக், டொக், டொக். ஒரே சீர்.

நிலையத்துக்குப் பக்கத்து வளவில் சீதேவி இருந்தாள். புருஷன் இல்லை. யோகம்மா என்று ஒரு மகள். காயவைத்த பனங்கிழங்கான ஒடியலை இடித்து மா விற்றுத்தான் இருவரும் சீவித்தார்கள். கொழும்பிலிருந்து அடிபட்டு வந்த சனமெல்லாம் தீவில் நிறைந்திருந்த காலம் அது. கூழுக்கும் பிட்டுக்கும் அவள் மாவைத்தான் எல்லோரும் தேடினார்கள். விடிந்தால் பொழுதுபடும்வரை அவள் உலக்கை நிற்காது.

நான் போய் மரியாதையாகத்தான் கேட்டேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள் இடிக்காமல் இருக்கச் சொன்னேன். அவளும் ஒத்துக்கொண்டாள். அன்றும் ஊசி குத்தியது.

"நான் உலக்கையைத் தொடேல்லை ஐயா. பிள்ளையார் ஆணையாச் சொல்லுறன்."

"அப்ப ஊசி ஏன் அடிக்குது?"

"அதை உங்கட ஊசியிட்டைக் கேளுங்கோ. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் எண்டாளாம். உங்கட மிசினும் அப்பிடித்தான் போல கிடக்கு."

வேலிக்கு அப்பால் நின்ற பெண்கள் சிரித்தார்கள். பிள்ளையாருக்குப் பூசை செய்யும் வீட்டுப் பிள்ளையிடம் பிள்ளையார்மேல் பொய்ச் சத்தியம் செய்கிறாள் என்று அங்கேயே எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன். அதன்பிறகு சிலர் அவளிடம் மா வாங்குவதை நிறுத்தினார்கள். பொய்ச் சத்தியம் செய்தவள் இடித்த மா வீட்டுக்கு ஆகாதாம். நான் அப்படிச் சொல்லவில்லை, சனம் தானாக முடிவெடுத்தது.

சில நாள் கழித்துச் சீதேவி தானாகவே நிலையத்துக்கு வந்தாள். யோகம்மா வேலணையில் பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தாள்.

"ஐயா, நான் உங்கட அந்தக் குழிக்குள்ளயே இருக்கிறன். வீட்டிலை உலக்கை தொட ஆளில்லை. அப்பவும் அடிச்சால், என்னைப் பொய்க்காரி எண்டு சொன்ன வாயாலயே இல்லையெண்டு சொல்லவேணும். எல்லாருக்கும் முன்னாலை சொல்லவேணும்."

"ஓம், சொல்லுறன்" என்றேன்.

நல்ல சோதனை, தம்பியவை. அதை நான் யோசித்திருக்க வேண்டும். அவளே படியிறங்கினாள். கருவிக்கு எட்டத்தில் சாக்கை விரித்து இருந்தாள். "கனநேரமோ ஐயா?" என்று கேட்டாள். "கொஞ்ச நேரம்தான்" என்று சொல்லிக் கதவைச் சாத்தித் திறப்பால் பூட்டினேன்.

மேலே வந்து தாளைப் பார்த்தேன். அவள் இருந்த இடத்தில் அசைந்தது தெரிந்தது. பிறகு அடங்கியது. பிறகு, டொக், டொக், டொக்.

அவள் சொன்னது உண்மை. பழுது கருவிக்குள் இருந்தது. திறப்பை எடுத்துக்கொண்டு எழும்பினேன், அதையும் எழுதுகிறேன். படிவரை போனேன். கதவைத் திறந்தால் முதலில் என்ன சொல்வது என்று அங்கே நின்று யோசித்தேன். ஊர்ச் சனத்துக்கு முன்னால் அவள் சிரிப்பாள். அந்தப் பெண்களும் சிரிப்பார்கள். அப்போதுதான் சூடு இன்னும் சமப்படவில்லை, சோதனை முடியவில்லை என்பது நினைவுக்கு வந்தது. சாத்திய கதவை இடையில் திறப்பதில்லை. திரும்பி வந்து கதிரையில் இருந்தேன்.

அவள் தட்டத் தொடங்கினாள். அந்தக் கதவால் குரல் வராது, ஊசி மட்டும்தான் சொன்னது. எனக்கு வேண்டியிருந்ததும் அதுதான். தெரிந்த ஓர் அசைவு இல்லாமல் தெரியாத அசைவைப் பிரித்தறிய ஏலாது. ஒரு பக்கம் கருவியின் குத்து, மறுபக்கம் சீதேவியின் கை. கோபத்தில் தட்டியது பெரிதாக விழுந்தது. கெஞ்சித் தட்டியது சிறிதாக, அடுக்கடுக்காக விழுந்தது. கடைசியில் நகத்தால் சுரண்டியதைக்கூட அந்த ஊசி எழுதியது. இப்படி நுணுக்கமான கருவியைத்தான் நீங்கள் முற்றத்தில் போட்டு உடைத்தீர்கள்.

உள்ளே காற்று எவ்வளவு என்று தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். அந்த அறைக்குக் கணக்குப் போட்டவனே நான்தான்.

பிறகு தாளில் குத்து மட்டும் இருந்தது. சோதனை முறைப்படி முடிந்த பிறகுதான் திறந்தேன். கருவியின் உள்ளே ஒரு வில் தளர்ந்து தட்டிக்கொண்டிருந்தது. ஒரு சின்னத் திருகாணிதான். அதை இறுக்கினேன். அடுத்த முறை தாள் சுத்தமாக வந்தது. பேராசிரியருக்கு அனுப்பினேன். இவ்வளவு அமைதியான நிலத்தைத் தான் எங்கும் கண்டதில்லை என்று சொல்லியனுப்பினார். எனக்குச் சந்தோசமாக இருந்தது, பொய் சொல்வானேன்?

சீதேவி நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் தூர்ந்த கிணற்றில் கிடக்கிறாள். மேலே கல்லுப் போட்டிருக்கிறேன். யோகம்மா வந்து கேட்டபோது, உன்னைத் தேடிக் குறிகட்டுவானுக்குப் படகேறினாள் என்றேன். இந்தக் கடலில் படகேறிய எல்லோரும் கரையேறவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். அதனால் யாரும் துருவிக் கேட்கவில்லை. யோகம்மா மட்டும் இன்றைக்கும் ஒவ்வொரு படகுக்கும் மாவிலித்துறைக்குப் போய் நிற்கிறாள். போகிற வழியில் என்னைக் கண்டால், "அம்மா படகிலை என்ன சீலையோடை போனவா ஐயா?" என்று கேட்பாள். பச்சை என்று சொல்லியிருக்கிறேன். அது பொய்யல்ல, பச்சைதான் உடுத்திருந்தாள்.

அவள் பொய்க்காரி அல்ல என்று எல்லோருக்கும் முன்னால் சொல்வதாக ஒத்துக்கொண்டிருந்தேன். இதை நீங்கள் ஊரில் வாசித்துக் காட்டினால் அந்த வாக்கும் நிறைவேறும். என்ன தண்டனை தந்தாலும் தாருங்கள். என் கழுத்தில் கட்டப்போகும் அட்டையில் மட்டும் உளவாளி என்று எழுதாதீர்கள். அப்பா நாளைக்கும் கோயில் நடை திறக்கவேண்டும்.

அந்தக் கருவி யாருக்கும் எதையும் அறிவிக்காது, தம்பியவை. எங்கோ ஒன்று நடுங்கினால் அதை வாங்கித் தாளில் எழுதும், அவ்வளவுதான். நானும் சீதேவிக்கு வேறொன்றும் செய்யவில்லை. மேலே கதிரையில் இருந்து, அவள் ஓயும்வரை ஊசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.