பத்தடிக் கம்பு

தூண்டில் வாங்க வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் முதலில் ரீலைத்தான் கையில் எடுத்துச் சுற்றிப் பார்க்கிறார்கள். வழவழவென்று சுற்றினால் நல்ல ரீல் என்று முடிவுகட்டி விடுகிறார்கள். அது தவறு. எந்த இடத்தில் நின்று வீசப் போகிறோம் என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும். அதற்கேற்ற கம்பு, கம்புக்கேற்ற ரீல், கடைசியாகத்தான் இரை. பதினோரு வருடமாக நான் இந்த வரிசையை மாற்றியதில்லை. பெர்சிக்கு வாங்கியபோதும் மாற்றவில்லை.

மேடம், நான் சொல்லச் சொல்ல உங்கள் ஸ்டேஷன் ரைட்டர் எழுதியதைப் பார்த்தேன். நாலு வரியில் ஆறு பிழை. அதனால்தான் நானே எழுதித் தருகிறேன் என்று கேட்டேன். நீங்களும் மறுக்காமல் தாள் கொடுத்தீர்கள், நன்றி. என் பெயர் கிறிஸ்துராஜ். வயது ஐம்பத்து மூன்று. மதுரையில் ஒரு மிஷன் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புக்கு இயற்பியல் நடத்துகிறேன். சென்ற மாதம் திருவாதவூர்ப் பக்கம் ஒரு கண்மாய்க் கரையில் மின்சாரம் தாக்கி இறந்த அற்புதமேரி என் மனைவி. அவள் கையில் இருந்த தூண்டில் கம்பு, அவள் தம்பி பெர்சிக்காக நான் வாங்கிக் கொடுத்தது. நீங்கள் விபத்து என்று எழுதிக் கோப்பை மூடப் போகிறீர்கள். அதில் எனக்கு ஆட்சேபம் இருக்கிறது.

பெர்சியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். முப்பத்தாறு வயது. கார் விற்கும் கடை ஒன்றில் வேலை. கல்யாணம் ஆகவில்லை. எங்கள் வீட்டு மாடியில் இருக்கிறான் என்று பெயர். தூங்குவது மட்டும்தான் மாடியில், மூன்று வேளையும் கொட்டிக்கொள்வது கீழே. தாய் தகப்பன் இல்லாத பிள்ளை என்று மேரி அவனை மடியில் வைத்து வளர்த்தாள். அந்த மடியை விட்டு அவன் இறங்கவே இல்லை. நான் விரால் பிடித்துக்கொண்டு வந்தால் நடுத்துண்டு அவன் தட்டுக்குப் போகும். பிடித்தவனுக்கு வால். ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"அவன் முள்ளு பாக்காம முழுங்கிருவான்ங்க. உங்களுக்குன்னா நிதானம் இருக்கு" என்றாள்.

நிதானம் இருக்கிறது. அதை நான் மறுக்கவில்லை.

பெர்சி என்னிடமே படித்தவன். ஒவ்வொரு வருடமும் வகுப்பில் ஒரு சோதனை செய்து காட்டுவேன். ஒரு பேட்டரி, ஒரு சின்ன பல்பு, இரண்டு முனையும் சீவிய ஒரு பென்சில். பென்சிலை நடுவில் வைத்து இணைத்தால் பல்பு எரியும். பென்சிலுக்குள் இருக்கிற கரி மின்சாரத்தைக் கடத்தும் என்பதைப் பையன்கள் நம்பவே மாட்டார்கள், கண்ணால் பார்த்தால்தான் வாயைப் பிளப்பார்கள். பெர்சி அன்று கடைசி பெஞ்சில் தலை கவிழ்ந்து தூங்கிக்கொண்டிருந்தான். நான் எழுப்பவில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள். பாடத்தை நான் நடத்தினேன்.

தூண்டிலும் நான்தான் கற்றுக்கொடுத்தேன். அல்லி இலைக்குக் கீழே விரால் எங்கே கிடக்கும், இரையாகக் கட்டும் ரப்பர் தவளையை இலைமேல் எப்படி இழுக்க வேண்டும், விரால் வாய் வைத்த பிறகு எத்தனை நொடி பொறுத்துச் சுண்ட வேண்டும், எல்லாம். நாலு வருடம் வால் பிடித்துக்கொண்டு வந்தான். ஐந்தாவது வருடம், அத்தானுக்கு எதுவும் தெரியாது என்று ஆட்களிடம் சொல்ல ஆரம்பித்தான். எதிரில் நான் இருக்கும்போதே சொல்வான், தோளில் கையைப் போட்டுக்கொண்டு.

போன டிசம்பரில் சோழவந்தானுக்கு அந்தப் பக்கம் ஒரு கண்மாயில் எனக்கு ஒரு விரால் மாட்டியது. ஐந்து கிலோவுக்குக் குறையாது. கரைக்கு இரண்டு முழத்தில் நூல் அறுந்தது. நான் மல்லாக்கச் சேற்றில் விழுந்தேன். பெர்சி கைபேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்தான்.

"அத்தான், மீனு உங்களுக்கு டாட்டா காட்டிட்டுப் போகுது பாருங்க" என்கிற அவன் குரலும் அதில் இருக்கிறது. இருநூறு பேர் இருக்கிற எங்கள் தூண்டில் குழுவில் போட்டான். யாரோ அதற்குக் கெட்டிமேளம் சேர்த்துச் சுற்றுக்கு விட்டார்கள். திங்கட்கிழமை நான் கரும்பலகைப் பக்கம் திரும்பியதும் பின்னாலிருந்து பெஞ்சைத் தட்டிக் கெட்டிமேளம் வாசித்தார்கள். இருபத்தாறு வருடத்தில் என் வகுப்பில் எவனும் இருமியதுகூடக் கிடையாது.

மேரியும் அந்தப் படத்தைப் பார்த்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். தம்பியிடம் இன்னொரு தடவை போடச் சொன்னாள். அதை நான் ஒரு குறையாகச் சொல்லவில்லை. நடந்தது எல்லாவற்றையும் எழுதச் சொன்னீர்கள், எழுதுகிறேன்.

கிறிஸ்துமஸ் முடிந்ததும் பெர்சி என்னிடம் வந்தான். "அத்தான், எனக்கு ஒரு நல்ல செட்டா நீங்களே பாத்து எடுத்துக் குடுங்க. இம்புட்டு வருஷமா பிடிக்கிறீங்க, உங்களுக்குத்தான் தெரியும்" என்றான். கோபித்துக்கொண்டீர்களா என்றும் கேட்டான். இல்லை மாப்ள என்றேன். உண்மையாகவே கோபம் இல்லை. கோபத்தில் இருக்கிறவன் கம்பு பார்த்து வாங்க முடியாது.

முதலில் இடம். திருவாதவூர்ப் பக்கம் நான் சொன்ன கண்மாயில் இரண்டு வருடம் முன்பு மண் போட்டுக் கரையை ஒரு ஆள் உயரம் ஏற்றினார்கள். கரைக்கு மேலே போகிற மின்கம்பி அப்படியே இருக்கிறது. வெயிலுக்கு அது இன்னும் கொஞ்சம் தொய்ந்து தொங்கும். ஓர் இடத்தில் கரைக்கும் கம்பிக்கும் நடுவே பதினாலு அடிதான். அந்த இடத்தில் தண்ணீரோரம் அல்லி அடர்ந்து கிடக்கிறது, விரால் உண்டு. இரண்டு பக்கமும் கருவேலம் புதர். பக்கவாட்டில் கம்பை வீச முடியாது, தலைக்கு மேலே தூக்கித்தான் வீச வேண்டும். கரைக்குக் கீழே வயல் வைத்திருக்கும் அருள்பாண்டி என்பவர் ஒரு பழைய சிவப்புச் சேலையைக் கிழித்துப் புதரில் கட்டி வைத்திருந்தார்.

"சார், மேல கம்பி கெடக்கு. நாங்க மம்பட்டியத் தோள்ல வச்சுக்கிட்டுக்கூட இங்கன நிக்கிறதில்ல. அங்கிட்டுப் போயிப் போடுங்க" என்று அவரே என்னிடம் சொன்னார். நல்ல மனிதர். அவரை நீங்கள் விசாரிக்கலாம். பொங்கலுக்கு மறுவாரம் நான் தனியாகப் போய் அந்தச் சிவப்புத் துணியை அவிழ்த்தேன். முடிச்சு இறுகிப் போயிருந்தது, அறுக்காமல் பொறுமையாகத்தான் அவிழ்த்தேன். மடித்து என் பீரோவில் வைத்திருக்கிறேன், கேட்டால் தருகிறேன்.

அடுத்தது கம்பு. கடையில் அழகுபாண்டி என்று ஒரு விற்பனையாளர். "சார், விராலுக்கு ஏழடி தாராளம். பத்தடி எல்லாம் கடலுக்கு எடுத்துட்டுப் போவாங்க. பைபர் கம்பு எடுங்க, நின்னு உழைக்கும்" என்றார். தொழில் தெரிந்தவர், சொன்னதில் பிழை இல்லை. பெர்சி கையைத் தூக்கி ஏழடிக் கம்பை நிறுத்தினால் கம்பிக்கு எட்டாது. பத்தடி எட்டும். பைபர் கம்பு கண்ணாடி இழை, மின்சாரத்தைக் கடத்தாது. கார்பன் கம்பு என்றால் கரி, அந்தப் பென்சிலில் இருக்கிற அதே கரி. பத்தடியில் கார்பன் கம்பு கேட்டேன். கைப்பிடியில் தக்கை சுற்றியதைத் தள்ளிவிட்டு, வெறும் கரியே கையில் படுகிற மாதிரி ஒன்றை எடுத்தேன். எடையே தெரியாது, அருமையான கம்பு.

ரீலில்தான் கொஞ்சம் யோசித்தேன். பெர்சிக்குப் பழக்கம் சாதாரண ரீல். நான் பெய்ட்காஸ்டர் எடுத்தேன். கம்பின் முதுகில் உட்கார்ந்திருக்கும். வீசும்போது நூல் சுருளைக் கட்டைவிரலால் அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். விரல் தப்பினால் நூல் குருவிக்கூடு மாதிரி சிக்கிக்கொள்ளும். புதிதாகப் பிடிக்கிற யாராக இருந்தாலும் கண் அந்தக் கட்டைவிரலிலேயே இருக்கும். அண்ணாந்து பார்க்க மாட்டான். தவளையும் கனமானதாக வாங்கினேன், கம்பை நன்றாகப் பின்னால் கொண்டுபோய் வீசத் தோன்றும்.

செட்டைப் பார்த்ததும் பெர்சி என்னைக் கட்டிக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பூசை முடிந்ததும் புது வண்டியை மந்திரிக்கிற மாதிரி கம்பைச் சாமியாரிடம் நீட்டித் தீர்த்தம் தெளித்துக்கொண்டான். சாமியாரே சிரித்துவிட்டார்.

இதுவரை எல்லாம் சரியாக இருந்தது. நான் மறந்தது ஒன்றே ஒன்று. எனக்கு நம்பிக்கை இல்லாத விஷயம் என்பதால் அது என் கணக்கில் வரவே இல்லை. மேரிக்குக் கைராசி என்பது எங்கள் தெரு முழுக்கப் பேச்சு. பக்கத்து வீட்டுப் பாண்டியம்மாள் புதுத் தையல் மெஷின் வாங்கியபோது முதல் தையல் போட மேரியைத்தான் கூப்பிட்டாள். மாடியில் தொட்டி வைக்கிறவர்கள்கூட முதல் விதையை அவள் கையால் ஊன்றச் சொல்வார்கள். பூசை முடிந்து நானும் பெர்சியும் கிளம்பும்போது மேரி இட்லியைக் கட்டிக்கொண்டு காரில் ஏறினாள். எதற்கு என்று கேட்டேன். தம்பி கூப்பிட்டான், சும்மா வாரேன் என்றாள். சாப்பாடு கொடுக்க வருகிறாள் என்று விட்டுவிட்டேன்.

கரையில் நான்தான் இடத்தைக் காட்டினேன். ஒன்பது மணி இருக்கும். பெர்சி செருப்பைக் கழற்றிவிட்டு ஈரமண்ணில் நின்றான். தவளையைக் கட்டினான். கம்பைத் தூக்கப் போனவன் நிறுத்திவிட்டுத் திரும்பினான்.

"மொத வீச்சு நீதாங்க்கா வீசணும். ஒங் கைராசிக்கு எம்புட்டு மீனு வருதுன்னு பாரு" என்றான்.

அவள் வெட்கப்பட்டாள். வேண்டாம் என்றாள். அப்புறம் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, செருப்பை விட்டுவிட்டு அவன் நின்ற இடத்துக்கு வந்தாள். நான் எட்டு அடி தள்ளி இட்லிப் பொட்டலத்தோடு நின்றுகொண்டிருந்தேன். பெர்சி அவள் கையில் கம்பைக் கொடுத்து, கட்டைவிரலைப் பிடித்து ரீலில் வைத்தான். "விரல மட்டும் பாருக்கா, வேற எங்கிட்டும் பாக்காத" என்றான். பெர்சியைவிட அவள் ஒரு சாண் குட்டை. அப்போதும் எட்டும் என்று மனம் தானாகக் கணக்குப் போட்டது. இருபத்தாறு வருடப் பழக்கம்.

உங்களுக்கு ஒரு கேள்வி இருக்கும். எனக்கு நேரம் இருந்ததா என்று. இருந்தது. மேலே கம்பி என்று இரண்டு வார்த்தை சொன்னால் போதும். சொல்லியிருந்தால் பெர்சி அண்ணாந்து பார்த்திருப்பான். பிறகு அந்தக் கம்பை அவன் அந்த இடத்தில் தூக்கவே மாட்டான். ஏன் இந்த இடம், ஏன் பத்தடி என்று கேட்பான். அக்காவும் தம்பியும் சேர்ந்து என்னைப் பார்ப்பார்கள். அவள் வீசத் தெரியாமல் தாழ்வாகவே வீசிவிடலாம் என்றும் ஓர் எண்ணம் வந்தது. அதன் பிறகு கம்பு அவனிடம் போய்விடும், எல்லாம் பழையபடி நடக்கும்.

அவள் கம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஒரு தடவை என்னைத் திரும்பிப் பார்த்தாள். "ஏங்க, சரியாப் பிடிச்சிருக்கேனா?" என்று கேட்டாள்.

"சரியாத்தான் பிடிச்சிருக்க" என்றேன்.

சத்தம் அதிகம் இல்லை. அருள்பாண்டி வயலிலிருந்து ஓடிவந்து காய்ந்த கட்டையால் கம்பைத் தட்டிவிட்டார். நேராகப் புதரைத்தான் பார்த்தார், துணி இல்லை. பெர்சி சேற்றில் புரண்டு கத்தினான். நான் பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டுப் போய்ப் பார்த்தேன். நாடி இல்லை.

அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில் நாலு பேர் பெர்சியைத் தாங்கிப் பிடித்திருந்தார்கள். ஊரே அவனைக் கட்டிக்கொண்டு அழுதது. மூன்று நாள் அவன் சாப்பிடவில்லை என்று வீட்டுக்கு வீடு பேசினார்கள். என்னைப் பற்றி, வாத்தியார் கல்லு மாதிரி நிக்கிறாரு என்றார்கள். இன்றைக்கும் அவன் என் வீட்டு மாடியில்தான் இருக்கிறான். பாண்டியம்மாள் சோறு கொண்டுபோய் ஊட்டிவிடுகிறாள். நீங்கள் அவனை ஒரே ஒரு தடவை கூப்பிட்டு, தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டீர்கள். அதனால்தான் வந்தேன்.

இடம், கம்பு, ரீல், தவளை எல்லாம் நான் தேர்ந்தெடுத்தவை. துணியை அவிழ்த்ததும் நான்தான். பெர்சி சாக வேண்டும் என்றுதான் எல்லாவற்றையும் செய்தேன். இதில் எதையும் நான் மறைக்கவில்லை, கீழே கையெழுத்தும் போடுகிறேன். மேரிக்கு நான் ஒரு தீங்கும் நினைத்ததில்லை. இருபத்து மூன்று வருடத்தில் அவளை ஒரு வார்த்தை அதட்டியதில்லை. ஆகவே பெர்சிமீது கொலை வழக்குப் பதிவு செய்யுங்கள், மேடம். கம்பை அவள் கையில் கொடுத்தவன் அவன். நான் அவள் கேட்ட கேள்விக்குப் பதில்தான் சொன்னேன்.