பெண் மீன்களுக்கும் ஒரு குட்டை

மேடையில் அமர்ந்திருக்கும் சங்கத் தலைவர் முத்துக்குமாரசாமி அண்ணாச்சி அவர்களே, ஜாஹிராக்காவின் மகன் சுஹைப் அவர்களே, இலத்தூருக்கு வந்திருக்கும் மீன் வளர்ப்போரே, தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கமும் ஸலாமும். நான் மைக்கில் பேசிப் பழகியவள் அல்ல. ஆனால் அண்ணாச்சி இப்போது பேசியதைக் கேட்டபின் சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை.

போன வாரம் நெஞ்சுவலியில் நம்மை விட்டுப் போன செயலாளர் ஜாஹிரா பீவி! ஜிலேபி மீன் வளர்த்து நொந்துபோன நம்மைத் தூக்கி நிறுத்தியவர். ஞாபகம் இருக்கிறதா? ஆணும் பெண்ணும் ஒன்றாகக் கிடந்த குட்டையில் ஓயாமல் குஞ்சு. போட்ட தீவனமெல்லாம் அதற்கே போனது. வலை போட்டால் உள்ளங்கையைத் தாண்டிய மீன் உண்டா? "கருவாட்டுக்குக்கூட ஆகாதுய்யா, கொண்டு போங்க" என்று சுரண்டைச் சந்தையில் விரட்டினார்களே!

அப்போதுதான் அக்கா, விரல் நீள மீன்களை ஒவ்வொன்றாக எடுத்து, வயிற்றடித் துவாரம் தெளிவாகத் தெரிய நீல மருந்தைத் தொட்டுப் பார்த்து, ஆண் வேறு பெண் வேறாகப் பிரித்தார். கேலி பேசாத வாய் எது? "என்ன மதினி, பத்து வெரல்லயும் மை! எத்தன ஓட்டு போட்டிய?" என்று பஸ்ஸில் ஒருவர் கேட்டார். "ஒமக்கு ஒண்ணுகூடப் போடல. டெபாசிட் போச்சுவே!" என்றார் அக்கா. பஸ்ஸே சிரித்தது.

ஆண் மீன்கள் பெரிய குட்டைக்குப் போயின. பெண் மீன்களை? "கரையில கொட்டு, கொக்கு திங்கட்டும்" என்றார்கள். அக்கா விடவில்லை. "முட்டைய வாயில வச்சுக்கிட்டு அது பட்டினி கெடக்குது. பெறகு எப்படி வளரும்? ஆணு இல்லாமத் தனியா விடுங்க, தின்னு வளருதான்னு பாப்போம்." சங்கத்தோடு சண்டை போட்டுத்தான் அந்தச் சின்னக் குட்டையை வாங்கினார். பெண் மீன் ஆண் மீன் அளவுக்கு வளரவில்லைதான்; ஆனால் விலைபோகும் மீனாக வளர்ந்தது!

ஒருமுறை ஓர் ஆண் மீன் தவறி உள்ளே சேர்ந்து குஞ்சு பெருகிவிட்டது. "ஒங்க லேடீஸ் ஹாஸ்டல்ல எவனோ பூந்துட்டான் போல" என்று அண்ணாச்சிதான் சிரித்தார். அக்கா மோட்டாரைப் போட்டுத் தண்ணீரை இறைத்தார். காய்ச்சலோடு சேற்றில் இறங்கி, மொத்தத்தையும் மறுபடி பிரித்தார்.

இன்று அண்ணாச்சி என்ன சொன்னார்? "அவங்க போயாச்சு, பிரிக்கதுக்கு இனி ஆளு இல்ல. சீசன் வருது. சின்னக் குட்டைய மூடி, குத்தாலத்துக்கு வார வண்டிக்கு பார்க்கிங் விட்டிருவோம்."

ஆள் இல்லையா? அண்ணாச்சி, முன்வரிசையைப் பாருங்கள். அக்காவோடு அதே சேற்றில் நின்ற உலகம்மாள் மதினி ஆள் இல்லையா? அஃப்ரின் ஆள் இல்லையா? நான் ஆள் இல்லையா? அக்காவைப் புகழ்ந்த வாய் மூடுமுன், அவர் குட்டையில் மண் விழுவதா? விழாது!

நாளைக் காலை புது மீன்கள் வருகின்றன. பெண் மீன்கள் சின்னக் குட்டைக்குத்தான் போகும். எங்கள் ஜாஹிரா பீவிக்கு நாங்கள் செலுத்தும் அஞ்சலி அதுதான். மண் லாரி வந்தால் வரட்டும். அந்தக் கரையில் வரிசையாக உட்கார்ந்துதான் பிரிப்போம். வேலை முடியாமல் எழுந்திருக்க மாட்டோம். எங்கள் வேலையோ, முடிகிற வேலை இல்லை!