தொண்ணூற்றாறு என்று நிரப்பினேன்

எனக்கு முதுகுவலி உண்டு, உட்கார்ந்தே வாக்குமூலம் சொல்கிறேன். நீங்கள் நினைக்கிற அளவுக்குச் சிக்கலான வேலை இல்லை அது.

அவசரப் பிரிவுக்கு வருகிறவர்களில் யாரைப் படுக்கையில் சேர்ப்பது, யாரை வீட்டுக்கு அனுப்புவது என்று கணினிக்குக் கற்றுக்கொடுக்கச் சொன்னார்கள். பழைய நோயாளிகள் பன்னிரண்டாயிரம் பேர். அவர்களின் வயது, நாடித்துடிப்பு, ரத்தத்தில் ஆக்சிஜன். பைத்தான் என்ற கணினி மொழியில் ஒரு வரி எழுதினால் ஒவ்வொன்றுக்கும் எண்ணிக்கை, சராசரி, மிகக் குறைந்தது, மிக அதிகம் எல்லாம் அட்டவணையாக வந்து விழும். ஆக்சிஜனில் மட்டும் கணக்கு உதைத்தது. முந்நூற்று நாற்பது பேருக்கு அளவே இல்லை.

நர்ஸிடம் கேட்டேன். "விரல் ஜில்லுன்னு போயிட்டா கருவி எதையும் காட்டாது சார். அந்த மாதிரி ஆளுங்கதான் ரொம்ப மோசமா இருப்பாங்க. பார்த்துப் போடுங்க," என்றார்.

புரிந்தது. புரியாமல் செய்தேன் என்று சொல்லி உங்கள் நேரத்தை வீணாக்கமாட்டேன். ஆனால் முந்நூற்று நாற்பது பழைய தாள்களைத் தேடி எடுக்கவேண்டும். எனக்கோ பதினொரு வாரமாக ஞாயிற்றுக்கிழமை என்பதே இல்லை. காலி இடங்களில் எல்லாம் சராசரியைப் போட்டேன். தொண்ணூற்றாறு, ஆரோக்கியமான ஆளின் அளவு. இனி வருகிறவர்களுக்கும் அளவு இல்லையென்றால் அப்படியே நிரப்பக் கணினிக்குச் சொல்லிவைத்தேன். மறுபடி அந்த வரியை ஓட்டியதும் ஆக்சிஜனுக்கும் எண்ணிக்கை பன்னிரண்டாயிரம் என்று கச்சிதமாக வந்தது. மேலாளர் தோளில் தட்டினார்.

எட்டு மாதம் கழித்து அப்பாவுக்கு மூச்சுத் திணறியது. நான்தான் அழைத்துப்போனேன். விரலில் மாட்டிய கருவியில் எண் வரவில்லை, வெறும் கோடு. திரையில் பச்சை, வீட்டுக்குப் போகலாம் என்று. அதே நர்ஸ் என்னைப் பார்த்தார்.

"டாக்டரைக் கூப்பிடட்டுமா சார்? நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும்."

சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். அப்பாவுக்கு முன்பே இதேபோல் பச்சை வாங்கி வீட்டுக்குப் போய் இறந்த பத்தொன்பது பேரின் பட்டியல் என் மேசையில் இருந்தது, அதையும் தோண்டுவார்கள். எனக்கு அலுப்பாக இருந்தது, அவ்வளவுதான்.

"கம்ப்யூட்டரே போகலாம்னு சொல்லிடுச்சே சிஸ்டர்," என்றேன்.

டாக்ஸியில் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார். "நீ செஞ்சதுதானேப்பா அது? அப்ப சரியாத்தான் இருக்கும்," என்றார். வீட்டு வாசலில் இறக்கும்போது அவருக்கு உயிர் இல்லை.

அப்பாவைக் கொன்றது நான்தான் என்று அக்கா சொல்கிறாளாம். அவளிடம் சொல்லுங்கள்: ஜில்லென்றிருந்த அந்த விரல்களை வழி முழுக்கத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டேதான் வந்தேன்.