விடுபட்ட ககர ஒற்று

2024 மார்ச் 11, திங்கட்கிழமை. பெங்களூரு தொம்மலூரில் எங்கள் குடியிருப்புக் கிணற்றின்மேல் ஒரு பலகை தொங்கவிடப்பட்டது. "உள்ளே இறங்க கூடாது" என்று அதில் எழுதியிருந்தார்கள். 'இறங்க' என்பதன்பின் ககர ஒற்று இல்லை. என் குறை அவ்வளவே.

பலகையை வைத்தவர் பார்கவி என்னும் ஆராய்ச்சியாளர். பக்கத்துக் கட்டடத்து ஜெனரேட்டரிலிருந்து கசிந்த டீசல் எங்கள் கிணற்றில் கலந்திருந்தது. மண்ணில் இயல்பாகவே வாழும் நுண்ணுயிர்களை உரமிட்டுப் பெருக்கினால் அவை எண்ணெயைத் தின்றுவிடும் என்றார். கூடவே அவை கிணற்றின் பிராணவாயுவையும் தீர்த்துவிடும். இறங்கியவர் மேலே வரமாட்டார் என்றும் எனக்கு விளக்கினார். நான் பிழையைச் சுட்டினேன்.

"ஜனங்களுக்குப் புரிஞ்சா போதும் சார். நீங்க இன்னும் பேப்பர் திருத்திட்டே இருக்கீங்க" என்று சிரித்தார்.

முப்பத்து நான்கு ஆண்டுகள் தமிழ் கற்பித்தவனிடம் சொல்லத்தக்க சொல்லா அது? வியாழன் காலை பலகையைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து, விடுபட்ட எழுத்தைத் தீட்டினேன். வண்ணம் காய வேண்டியிருந்தது.

பதினொரு மணிக்கு நான் கிணற்றடியில் நின்றிருந்தபோது, எங்கள் குழாய்களைப் பழுதுபார்க்கும் சின்னப்பா கயிற்றுடன் வந்தார். அந்தக் கோடையில் ஊரெங்கும் தண்ணீர் இல்லை.

"இன்னா வாத்தியாரே, போர்ட காணோம்? வேல முடிஞ்சிருச்சா? ஒரு வாரமா குளிக்கல, காந்தா பக்கத்துல சேக்க மாட்டேங்கறா. மோட்டார பாத்துடறேன். எறங்கலாமா?"

"எறங்கலாம் இல்லை. இறங்கலாம்" என்றேன். உச்சரிப்பைத்தான் திருத்தினேன்.

"சரிங்க பண்டிதரே. இ-றங்-கலாம்!" என்று கேலியாக இழுத்துச் சொல்லிவிட்டுக் கைப்பிடிச் சுவர்மீது காலை வைத்தார்.

என் திருத்தத்தை அவர் விடையாக எடுத்துக்கொண்டார் என்பது அப்போதே விளங்கியது. தடுத்திருக்கலாம். தடுத்தால், பிழையோடு அந்தப் பலகை தொங்கியிருந்ததே நல்லது என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும். வாய் திறக்கவில்லை. கயிறு இருமுறை அசைந்தது, பிறகு அசையவில்லை. வீட்டுக்குள் சென்று, வண்ணம் காய்ந்துவிட்டதா என்று தொட்டுப் பார்த்தேன்.

கிணற்றைக் காங்கிரீட் கொட்டி மூடிவிட்டார்கள். டீசல் அடியில் அப்படியே கிடக்கிறது. சின்னப்பாவின் மனைவி காந்தா குடத்துடன் டேங்கர் லாரிக்கு நடக்கிறார். என் வீட்டுப் பக்கம் திரும்புவதில்லை.

இதைப் படிக்கும் அதிகாரியே, சின்னப்பாவைச் சாகவிட்டவன் நானே, செய்வினையிலேயே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் முதல் குற்றவாளியாகப் பார்கவியின் பெயரைச் சேருங்கள்.