இறாலளவு தலைவர்

ஹலோ... ஓம், ஓம், லவீனாதான் கதைக்கிறன். சொல்லுங்கோ அடைக்கலநாதன் அண்ணை... என்ன? ஆர் சொன்னது?... ஓ, மண்டபத்து யன்னலாலை எட்டிப் பாத்தனீங்களோ! நாளைக்குக் கண்காட்சி துவங்கேக்கை ஆறுதலாப் பாத்திருக்கலாமே...

சரி, சரி, கத்தாதேங்கோ. ஓம், படத்திலை இருக்கிறது நீங்கள்தான். நடுக்கதிரையிலை, மீன்பிடிச் சங்கத் தலைவர்... ஐயோ, இறாலெண்டு சொல்லாதேங்கோ அண்ணை, அதைவிடக் கொஞ்சம் பெரிசு... இல்லை, சிரிக்கேல்லை. சத்தியமா.

கேளுங்கோவன். அந்தக் காலத்துச் சீனாக்காரர் கறுப்பு மையாலை கீறேக்கை மலையைத்தான் வானமட்டும் கீறுவினம். மனிசர் எங்கையாவது ஒரு மூலையிலை, சின்னனா... ஓம், குருநகரிலை மலை இல்லைத்தான். அதாலைதான் மலை நிக்கிற இடத்திலை எங்கடை பெம்பிளையளைக் கீறினனான்... என்ன அநியாயம்? வலையிலை மீன் கழட்டுறது அவை, கருவாடு காயப்போடுறது அவை. சங்கக் கூட்டமெண்டா மட்டும் வாசல்லை நிக்கோணும், வாய் திறக்கேலாது. அது அநியாயமில்லையோ?

உங்களைப் பெரிசாக்கேலாது அண்ணை. பேப்பர் மையை உறிஞ்சினா உறிஞ்சினதுதான். அழிக்கேலாது, மேலாலை பூசேலாது... இல்லை. சுவரிலையிருந்து கழட்டவும் மாட்டன்.

என்ன?... மண்டபத்தைப் பூட்டிப்போட்டியளோ? அண்ணை, கொழும்பிலையிருந்து படம் பாக்க ஆக்கள் பஸ் ஏறீட்டினம். ரண்டு வருச வேலை அது, விளையாடாதேங்கோ... அண்ணை, கெஞ்சிக் கேக்கிறன்...

சரி. திறக்காதேங்கோ. இன்னொண்டு கீறி வெளி மதில்லை ஒட்டுறன். முழுக் குருநகரும் பாக்கட்டும்.

ஹலோ?... ஹலோ, கேக்குதோ?... ஆர்? ஸ்ரெல்லாக்காவோ! புருசன்ரை போனைப் பறிச்சுப்போட்டியளோ?... ஓம் அக்கா, நீங்களும் படத்திலை இருக்கிறியள். இடப்பக்கம், ஆகப் பெரிய மலை... ஓம், இடுப்பிலை கை வைச்சபடி... அது உங்கடை இடுப்புத்தான். கோவமோ?... அக்கா?... என்ன விம்முற சத்தம்? அழுறியளோ?...

கடவுளே, சிரிக்கிறியளோ! நான் பயந்திட்டன்.

மண்டபத்துத் திறப்பு?... உங்கடை கையிலையோ! அண்ணை ஒண்டும் சொல்லேல்லையோ?... ஓம், ஓம்... இப்பவே திறக்கிறியளோ? ஆம்பிளையள் பாக்க முதலோ?... ஆர் ஆர் நிக்கிறியள்? வசந்தினியுமோ? கருவாடு காயப்போடுற வாடியிலை நிண்ட எல்லாருமோ?... உள்ளுக்கை போயிட்டியளோ? ஐயோ, மீன் கையோடை படத்தைத் தொட்டுப்போடாதேங்கோ!... என்ன?... வசந்தினி படத்திலை தன்ரை முகத்தைத் தடவிப் பாக்கிறாவோ?...

சரி... தொடட்டும். தொடட்டும் அக்கா. நான் வாறன்.