ரைட்டுல எந்திரிச்ச அலை

தாரணி: பம்பு ஓடிக்கிட்டுத்தான் இருக்கு டிரைவரே. இதோட நாலாவது தடவ கேக்குறீங்க.

செல்வமுருகன்: சத்தம் கேக்குது புள்ள. தண்ணிப் பை ரொம்புதான்னு...

தாரணி: என்னியப் பாத்தா வேல தெரியாதவ மாதிரியா இருக்கு? ரெண்டு வருசமா இந்தச் சுவிச்ச அமுக்குறது யாரு? ஒங்க சோலியப் பாருங்க. மணல் மூட்டையெல்லாம் போட்டுல வச்சாச்சா?

செல்வமுருகன்: வெள்ளனே வந்து வச்சிட்டேன். எட்டும் பின்னாடி, சீட்டுக்கு அடியில கெடக்கு. எங்கப்பாவோட பூண்டுச் சாக்கு, நாத்தம் இன்னும் போகல.

தாரணி: லெஃப்ட் சீட்டுக்கு அடியிலதான?

செல்வமுருகன்: பின்னாடின்னு சொன்னேன்ல... ஏ, ஏ, மூடியத் தொறக்காத! தாப்பா சரியில்ல. ஒன் எடத்துல உக்காரு நீ.

தாரணி: சரி சரி. ஒங்க எடம் ஸ்டீயரிங்கு. என் எடம் லெஃப்ட் மூலை, தண்ணிப் பைக்கு மேல. வெயிட்டோட வெயிட்டா. கெஸ்ட்டுங்க கேட்டா, 'இது எங்க ஒம்பதாவது மூட்ட'ன்னு சொல்லுவீங்க.

செல்வமுருகன்: என்னிக்குச் சொன்னேன் அப்படி?

தாரணி: மனசுக்குள்ள சொல்லிருப்பீங்க.

செல்வமுருகன்: மனசுக்குள்ள சொன்னதெல்லாம் வேற.

தாரணி: என்னது?

செல்வமுருகன்: ...ஒண்ணுமில்ல. போன் அடிக்குது பாரு. மேனேஜரு. ஸ்பீக்கர்ல போடு.

ஜெயச்சந்திரன்: ஏப்பா செல்வம், நான் ஏரிக்கரை மேட்டுல நிக்கிறேன். போட்ட வாங்கப்போற கொச்சிக்காரரு இன்னொரு போன்ல வீடியோ கால்ல இருக்காரு. மூடுபனி எறங்குறதுக்குள்ள அலைய வெரசாக் காட்டிருங்கப்பா. பலகையில நிக்கிற ஆளு கயித்த விட்டாக்கூட அலையே அவனத் தள்ளிக்கிட்டு வரணுமாம். அந்த அளவுக்கு எந்திரிக்கணுமாம். லெஃப்ட் சைடுதான?

செல்வமுருகன்: ஆமாங்க சார், எப்பவும் போல. எந்தப் பக்கம் வெயிட்ட ஏத்திப் போட்டச் சாய்க்கிறோமோ, அந்தப் பக்கந்தான் அலை எந்திரிக்கும்.

ஜெயச்சந்திரன்: அலை புடிச்சிருச்சுன்னா இன்னிக்கே வாங்கிருவாரு. போட்டோட டிரைவரும் வேணும்னு சொல்லிருக்காரு, ஞாபகம் இருக்குல்ல? வெள்ளிக்கெழம லாரி வந்துரும். கெளம்புங்க.

தாரணி: ...வெள்ளிக்கெழமையா?

செல்வமுருகன்: ம்.

தாரணி: கொச்சி நல்ல ஊராம்ல. மீனு பெருசு பெருசாக் கெடைக்குமாம்.

செல்வமுருகன்: எனக்கு மீனு ஆகாதுன்னு ஒனக்குத் தெரியும்.

தாரணி: போனா பழகிரும்.

செல்வமுருகன்: வேற ஒண்ணும் சொல்ல மாட்டியா?

தாரணி: என்ன சொல்லணும்? நீங்க சொல்லுங்க, அப்படியே திருப்பிச் சொல்றேன்.

செல்வமுருகன்: ...கம்பியக் கெட்டியாப் புடிச்சுக்க. எடுக்குறேன்.

தாரணி: பதிமூணு... பதினஞ்சு... பதினேழு. போதும், ஸ்பீடு பதினேழுலயே புடிங்க.

செல்வமுருகன்: பின்னாடி பாத்துச் சொல்லு. எந்திரிக்குதா?

தாரணி: எங்க எந்திரிக்க? ரெண்டு பக்கமும் நொரையாச் செதறுது. பொங்கி வழிஞ்ச கஞ்சி மாதிரி.

செல்வமுருகன்: அடடா...

தாரணி: ஐயையோ, என்னங்க இப்படி ஆகிப்போச்சு!

செல்வமுருகன்: நீ என்ன சிரிக்கிற?

தாரணி: நானா? குளுருல பல்லு தந்தியடிக்குது. நீங்கதான் விசிலடிக்கிறீங்க.

ஜெயச்சந்திரன்: ஏலே செல்வம்! என்னலே இது? வாத்து போனாக்கூட இத விட நல்லா அலை வருமேலே!

செல்வமுருகன்: தண்ணி இன்னிக்கு ஒரு மாதிரியா இருக்குங்க சார்.

ஜெயச்சந்திரன்: தண்ணி என்னிக்கும் தண்ணியாத்தான்லே இருக்கு. அவரு மூஞ்சி சுருங்கிப்போச்சு. இன்னும் ஒரே ஒரு சுத்துதான் பாப்பாராம். பத்து நிமிசந் தாரேன், என்ன ஏதுன்னு பாத்துச் சரி பண்ணிட்டு, கரையை ஒட்டி வாங்க.

செல்வமுருகன்: சரிங்க சார்... என்ன தாரணி, பம்ப நிறுத்திட்டியா?

தாரணி: இல்ல, ஓடட்டும்.

செல்வமுருகன்: ஆமா, ஓடட்டும். நா எஞ்சினத் தொறந்து பாக்குற மாதிரி கொஞ்ச நேரம் நிக்கிறேன்.

தாரணி: பாக்குற மாதிரியா?

செல்வமுருகன்: பாக்குறேன்னு சொன்னேன்.

தாரணி: சரி, பாருங்க.

செல்வமுருகன்: மொத நாளு ஒன்னிய ஏத்துனது ஞாபகம் இருக்கா?

தாரணி: இல்லாம? ஆரஞ்சுக் கூடையோட நின்னேன். 'ஏம்மா, ஒரு அம்பது கிலோ கொறையுது, வந்து உக்காரு'ன்னீங்க. பேரக்கூடக் கேக்கல.

செல்வமுருகன்: அன்னிக்குத் தோட்டத்துல இருவது பேரு நின்னாங்க.

தாரணி: அதுக்கு?

செல்வமுருகன்: அதுல மலைச்சாமிய ஏத்திருந்தா எம்பது கிலோ கெடைச்சிருக்கும்.

தாரணி: ...அத இப்ப சொல்றீங்க.

செல்வமுருகன்: நா போனா கையாட்டவாவது வருவியா?

தாரணி: கையாட்டுறதெல்லாம் நல்லா வரும் எங்களுக்கு. எங்க தாத்தா கண்டியில இருந்து கப்பலேறி வந்தவரு. பாதி சனம் அங்க, பாதி சனம் இங்க. போற ஆள நிப்பாட்டத்தான் எங்க லயத்து வீடுகள்ல யாருக்கும் தெரியாது.

செல்வமுருகன்: ஒனக்குமா?

தாரணி: மேனேஜரு கையக் காட்டுறாரு. எடுங்க.

செல்வமுருகன்: எடுக்குறேன்... எடுத்துட்டேன்.

தாரணி: பதினஞ்சு. ஏங்க... போட்டு சாயுது.

செல்வமுருகன்: வளைவுல சாயத்தான் செய்யும்.

தாரணி: இப்ப நேராத்தான போறோம்? ரைட்டுல சாயுது. நல்லாவே சாயுது. பதினேழு... ஐயோ!

செல்வமுருகன்: என்ன? என்ன ஆச்சு?

தாரணி: எந்திரிக்குது! ரைட் சைடு, இடுப்பு ஒசரத்துக்கு... ஒரு பொட்டு நொரையில்ல. நிறுத்துங்க! நிறுத்துங்கன்னா!

செல்வமுருகன்: ரைட்டுலயா? அதெப்படி ரைட்டுல... இரு, வேகத்தக் கொறைக்கிறேன்.

ஜெயச்சந்திரன்: அடேங்கப்பா! என்னா அலைடா சாமி! கரைக்குப் பக்கத்துலயே எந்திரிச்சு வந்துச்சேப்பா! கொச்சிக்காரரு சேரை விட்டு எந்திரிச்சு நின்னுட்டாரு. வாங்க, வாங்க, அப்படியே ஓரமா வந்து நில்லுங்க.

தாரணி: போச்சு.

செல்வமுருகன்: என்ன போச்சு?

தாரணி: ஒண்ணுமில்ல.

ஜெயச்சந்திரன்: செல்வம், இப்ப எப்படி வெயிட்டு வச்சிருக்கீங்களோ அப்படியே எழுதி அனுப்பச் சொல்றாரு. பேனாவ எடுத்துட்டேன். மொதல்ல லெஃப்ட் பை. தண்ணி எவ்வளவு, முந்நூறு லிட்டரா?

தாரணி: யாரு, நானா சார்?

ஜெயச்சந்திரன்: தாரணி, ஒன்னத்தாம்மா. பம்பு ஒங்கிட்டதான?

தாரணி: காலிங்க சார்.

செல்வமுருகன்: காலியா? காலையில இருந்து பம்பு ஓடுச்சே!

தாரணி: ஓடுச்சு. நா அமுக்குனது ரொப்புற சுவிச்சு இல்ல. நேத்துப் பையில மிச்சமிருந்த தண்ணிய வெளிய எறைக்கிற சுவிச்சு.

ஜெயச்சந்திரன்: சரி, காலின்னு எழுதிக்கிட்டேன். மணல் மூட்ட? லெஃப்ட்டுல எட்டு, அப்படித்தான?

செல்வமுருகன்: ...இல்லங்க சார். எட்டும் ரைட்டுல இருக்கு.

தாரணி: எட்டுமா!

ஜெயச்சந்திரன்: இரு, இரு, அவரு என்னமோ சொல்றாரு. லைன்லயே இருங்க.

தாரணி: போனக் கையால பொத்துங்க. நல்லாப் பொத்துங்க. எப்ப மாத்துனீங்க?

செல்வமுருகன்: நீ வாரதுக்கு முன்னாடி. ஒத்தையாளா எட்டையும் தூக்கி அந்தப் பக்கம் போட்டேன், இடுப்பே போச்சு. ரெண்டு பக்கமும் வெயிட்டு சமமா நின்னா அலை செதறிரும்ல, அதான்.

தாரணி: லெஃப்ட்டுல வெயிட்டு கொறஞ்சா அலை எந்திரிக்காதுன்னுதானங்க நானும் தண்ணிய எறைச்சேன்! ஐயோ... ஒருத்தரு மட்டும் செஞ்சிருந்தா ஒழுங்காக் கெட்டிருக்கும்.

செல்வமுருகன்: ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்ல புள்ள.

தாரணி: நீங்க சொன்னீங்களா? ரெண்டு வருசமா ஒங்க முதுகப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன். நீங்க போறீங்கன்னு கேட்டதுல இருந்து எனக்குச் சோறு எறங்கல. இந்த மூலையில வேற ஒருத்தி உக்காருவாளேன்னு நெனச்சா... சீ, போங்க.

செல்வமுருகன்: அழாத. எனக்கும் போக மனசில்ல தாரணி. நீ 'போகாதீங்க'ன்னு சொல்லுவியான்னு தெனமும் ஒன் வாயவே பாத்துக்கிட்டுக் கெடந்தேன்.

ஜெயச்சந்திரன்: ஹலோ... ஹலோ, செல்வம்? முடிச்சாச்சுப்பா! போட்டு அவருக்குத்தான். ஆனா ஒண்ணு கேக்குறாரு. நான் லெஃப்ட்டுன்னுதான சொன்னேன்? என்ன யோசன பண்ணி இப்படித் தலகீழா வச்சீங்க?

செல்வமுருகன்: அது... வந்துங்க சார்...

தாரணி: போன இங்க குடுங்க. சார், போட்டு வித்துறக் கூடாதுன்னு யோசன பண்ணித்தான் வச்சோம். அவரு தனியா, நான் தனியா.